இலக்கத்தை விடாமல் வலையமைப்பை மாற்றுவது: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் நகரில் உள்ள ஒரு சிறிய தொடர்பாடல் நிலையத்தில் ('கொமியூனிகேஷன்' என்றால்தான் எவருக்கும் விளங்கும்) ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு நிற்பது எனது வழக்கம். தோட்டங்களில் சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறன்று ரீலோட் செய்ய வருபவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

இப்போதுள்ள இலக்கத்தை வைத்துக்கொண்டே வேறு வலையமைப்புக்கு மாற முடியும் என்கிறார்களே, அது உண்மையா?

முடியும் என்பது உலகம் கண்ட உண்மை. சிங்கப்பூரில் 1997இலேயே இந்த வசதி வந்துவிட்டது. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானா மாநிலத்தில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் விரிந்தது. பங்களாதேஷில் 2018இல் நடைமுறைக்கு வந்தது. 'நம்பர் போர்டபிலிட்டி' என்று இதனைச் சொல்கிறார்கள். சுருக்கமாக 'போர்ட் பண்ணுவது'.

இலங்கையில் இதற்கான பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுடையது. இச்சேவையைப் பற்றிய அறிவிப்புகள் பல ஆண்டுகளாக வருவதும், திகதிகள் தள்ளிப்போவதுமாக இருந்த கதை பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் தெரியும். சேவை வழங்குனர்கள் கூட்டாக இதற்கென ஒரு தனி நிறுவனத்தையும் அமைத்தார்கள். ஆகவே, புதிய சிம் வாங்கப் பணத்தை நீட்டுவதற்கு முன், ஆணைக்குழுவின் 1900 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் வலையமைப்பிலிருந்து நீங்கள் விரும்பும் வலையமைப்புக்கு இலக்கத்தை மாற்றும் சேவை திறந்திருக்கிறதா என்று கேட்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் என்ன செய்வது, திறக்காதவிடத்து என்ன செய்வது ஆகிய இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது.

யூடியூபில் 'போர்ட்' என்று டைப் செய்து 1900க்கு அனுப்பச் சொல்கிறார்களே?

அனுப்ப வேண்டாம். அது தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்த காணொளி. இந்தியாவில் 1900க்கு அப்படிக் குறுஞ்செய்தி அனுப்பினால் எழுத்தும் இலக்கமும் கலந்து எட்டு இடங்கள் கொண்ட ஒரு குறியீடு திரும்பி வரும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். இங்கே 1900 என்பது ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம். இரண்டும் ஒரே இலக்கமாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், பேசும் மொழி நம்முடையதாக இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒருவர் மூன்று தடவை அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று என்னுடன் கோபித்துக்கொண்டார்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேட்கிறீர்களே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்த முழு விடயத்திலும் மிக முக்கியமானது அதுதான். பதினைந்து ஆண்டுகளாக உங்கள் கையில் இருந்தாலும், உங்கள் மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் அந்த இலக்கம் எழுதப்பட்டிருந்தாலும், சேவை வழங்குனரின் பதிவேட்டில் யாருடைய அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதோ அவரே அந்த இலக்கத்துக்குரியவர். வலையமைப்பை மாற்றும்போதும், தொலைந்த சிம்முக்குப் பதிலாக வேறொன்று எடுக்கும்போதும், பெயர் மாற்றம் செய்யும்போதும் அவரைத்தான் தேடுவார்கள்.

நமது தோட்டங்களில் இது ஏன் சிக்கலாகிறது என்பதற்குக் காரணங்கள் பல. சில ஆண்டுகளுக்கு முன்பு பஸ் நிலையத்துக்கு அருகில் பெரிய குடையை விரித்துவைத்து சிம் விற்றபோது, அடையாள அட்டை கையில் இல்லாதவர்களுக்கு விற்பவரே வேறொருவரின் பிரதியை வைத்துப் பதிந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அடையாள அட்டையே எடுக்காமல் இருந்த முதியவர்களுக்கு மருமகனோ கங்காணியோ தம் பெயரில் வாங்கிக் கொடுத்தார்கள். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன பையனுக்கு முதலாளி வாங்கிக் கொடுத்த சிம், பையன் ஊர் திரும்பிய பின்னும் முதலாளி பெயரிலேயே கிடக்கிறது.

எனது சின்னம்மாவுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். அவரது சிம் உடைந்துபோய், புதியது எடுக்க நானே அவரை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினித் திரையைப் பார்த்து, "இது வேறு ஒருவருடைய பெயரில் இருக்கிறது, அவரை அழைத்து வாருங்கள்" என்றாள். அந்தப் பெயர் எங்கள் எவருக்கும் தெரியாத பெயர். துபாயில் இருந்து மகன் எடுக்கும் அழைப்பும், வங்கிச் செய்தியும் வந்துகொண்டிருந்த அந்த இலக்கத்தை மீட்க முடியவேயில்லை. கவுண்டர் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த விதி இல்லாவிட்டால் நமது இலக்கத்தை வேறு எவரும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஆகவே இன்றைக்கே #132# என்று அழுத்தி, உங்கள் சிம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லாவிட்டால், பதிவாகியிருப்பவர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே அவரையும் அழைத்துக்கொண்டு, இருவரது அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, சேவை வழங்குனரின் கிளைக்குச் சென்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் போர்ட் சேவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சிம் எடுத்தபோது இருந்த பழைய அடையாள அட்டை இலக்கமும் இப்போதைய இலக்கமும் வேறாக இருக்கின்றனவே?

வேறுபோலத் தோன்றும், பெரும்பாலும் ஒன்றே. பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட முறை வந்தது. பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களை அடுத்து ஒரு பூச்சியத்தை இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் பன்னிரண்டு இலக்க வடிவம் கிடைக்கும். கவுண்டரில் 'பொருந்தவில்லை' என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். பழைய அட்டை வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பெயரின் எழுத்துகள் வேறுபடுவது இதைவிடத் தொல்லையானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் நமது பெயர்களை எழுதிவைத்த புண்ணியவான்களின் கைங்கரியம் சிம் கவுண்டர்வரை நம்மைப் பின்தொடர்கிறது.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய இலக்கத்தைத்தான் குடும்பத்தில் எல்லோரும் அறிவார்கள். அதை நான் வைத்துக்கொள்ள முடியுமா?

முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே வலையமைப்பு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். மரணச் சான்றிதழையும், நீங்கள் அவருடைய பிள்ளை என்பதைக் காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழையும், இருவரது அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கே செல்லுங்கள். தெருமுனைக் கடைகளில் இது நடக்காது. அதுவரை சிம்முக்கு இடையிடையே ரீலோட் செய்துவாருங்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யப்படாத முற்கொடுப்பனவு (ப்ரீபெய்ட்) இலக்கத்தை நிறுவனம் துண்டித்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

077 என்றால் டயலொக், 071 என்றால் மொபிடெல் என்று இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். மாறிய பின் எப்படித் தெரியும்?

தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு ஏற்கெனவே பிசகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். 072 என்ற இலக்கம் 1989இல் தொடங்கிய செல்டெல் நிறுவனத்தின் வழி வந்தது. அந்நிறுவனம் டிகோ ஆகி, எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்சுடன் சேர்ந்தது. எயார்டெலின் 075 இலக்கங்கள் 2024இல் டயலொக்கின் கைக்குப் போயின. வாடிக்கையாளர்கள் இலக்கத்தை மாற்றவில்லை, நிறுவனந்தான் மாறியது.

'அதே நெட்வேர்க்குக்கு இலவசம்' என்ற பொதியை நம்பி மணிக்கணக்கில் பேசுபவர்கள்தான் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலக்கத்தைப் பார்த்து ஒரே வலையமைப்பு என்று எண்ணிப் பேசி, மீதியைப் பார்க்கும்போது துணுக்குறுவீர்கள்.

இலக்கம் ஒரு நிறுவனத்துடையது, சிம் இன்னொரு நிறுவனத்துடையது என்றால் அழைப்பு எப்படிச் சரியான இடத்துக்கு வரும்?

தோட்டத்துக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கென (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கென) தனி முகவரி இல்லாத காலத்தில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்துதான் ஆளின் கைக்குப் போயின. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தவர் தலவாக்கலைக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் வந்து, அங்குள்ள கிளாக்கர் புதிய முகவரியை எழுதி மறுபடியும் தபாலில் போட்டால் கடிதம் சேரும். ஆனால் தாமதமாகும், கிளாக்கரின் மனநிலையைப் பொறுத்தும் இருக்கும். சிங்கப்பூரில் தொடக்கத்தில் செய்தது ஏறக்குறைய இதுதான்: அழைப்பு பழைய நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து புதிய நிறுவனத்துக்குத் திருப்பி விடப்பட்டது.

இப்போது பரவலாக உள்ள முறையில், இடம் மாறிய இலக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிய ஒரு பொதுப் பதிவேடு இருக்கும். நீங்கள் ஓர் இலக்கத்தை அழுத்தியதும், உங்கள் நிறுவனத்தின் கணினி அந்தப் பதிவேட்டைப் பார்த்து, அந்த இலக்கம் இன்று எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அழைப்பை நேரே அங்கு அனுப்பும். பழைய நிறுவனத்தின் தயவு தேவையில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே பதிவேட்டை நம்பி இயங்க வேண்டும் என்பதால்தான் இச்சேவையை ஒரு நிறுவனம் மாத்திரம் தனித்துத் தொடங்கிவிட முடியாது.

எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. எந்த நெட்வேர்க்குக்கு மாறுவது நல்லது?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். கொழும்பில் ஒரு வீதிக்கு நல்லதாக இருக்கும் வலையமைப்பு அடுத்த வீதிக்கும் நல்லதாக இருக்கும். மலையில் அப்படி இல்லை. கோபுரம் எதிர்மலையின் உச்சியில் நின்றால், அதை நேருக்கு நேர் பார்க்கும் மேல் லயத்தில் நான்கு கோடும் காட்டும். நூறு படி இறங்கி ஆற்றோரம் உள்ள கீழ் லயத்துக்கு வந்தால், இடையில் ஒரு மலைத்தோள் மறைத்துவிடும். அங்கே 'எமர்ஜென்சி' என்ற சொல் மாத்திரமே மிஞ்சும். தாழ்ந்த அலைவரிசை மேடுகளைச் சற்று வளைந்து கடக்கும். உயர்ந்த அலைவரிசை கடக்காது. தகரக் கூரையும் கற்சுவரும் கொண்ட லயன் காம்பராவுக்குள் நுழைந்ததும் இருக்கிற சிக்னலிலும் பாதி போய்விடும். விளம்பரத்தில் காட்டும் வரைபடத்தில் பச்சை நிறம் பூசியிருப்பது மலைத்தோளுக்குத் தெரியாது.

ஆகவே ஆளைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். நீங்கள் மாற விரும்பும் வலையமைப்பின் சிம் வைத்திருக்கும் ஓர் உறவினரை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். அவருடைய சிம்மை உங்கள் போனில் போட்டு, நீங்கள் வழமையாகப் பேசும் இடங்களில் பேசிப் பாருங்கள்: அடுப்படி, வாசல், கட்டில் ஓரம், கொழுந்து எடுக்கும் மலை. பகலில் ஒரு முறையும், எல்லோரும் வேலை முடிந்து வந்து வீடியோ பார்க்கும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் பாருங்கள். கரண்ட் போன ஒரு மாலையில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கோபுரத்தின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது அப்போதுதான் வெளிப்படும்.

மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிசம்பர் முதல் மே வரையிலான சிவனொளிபாதமலைப் பருவத்தில், விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கான யாத்திரிகர்களின் போன்கள் அதே கோபுரங்களில் தொங்கும். ஜூலை மாதத்தில் சோதித்துப் பார்த்து முடிவெடுத்தால் ஜனவரியில் வருந்த நேரிடலாம்.

மாறும்போது என்னென்ன கையோடு வராது?

இலக்கம் மாத்திரமே வரும். மீதிப் பணம், எஞ்சிய டேட்டா, பொதிகள், ரிங்கின் டோன் எவையும் வராது. ஆகவே மாறுவதற்கு முன் மீதியைப் பேசியோ பார்த்தோ தீர்த்துவிடுங்கள். ரீலோட் கடன் எடுத்திருந்தால் அடைத்துவிடுங்கள். பிற்கொடுப்பனவு (போஸ்ட்பெய்ட்) இணைப்பாக இருந்தால் நிலுவைப் பட்டியல் ஒன்றுகூட இருக்கலாகாது. உலகெங்கும் போர்ட் கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவதற்கான பொதுவான காரணங்களில் ஒன்று அந்த நிலுவைதான். ஈசி கேஷ், எம் கேஷ் போன்ற பணப்பைகளில் பணம் இருந்தால் முன்னரே எடுத்துவிடுங்கள். அவை இலக்கத்தோடு கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது. சிம்மில் சேமித்த பெயர்களைப் போனுக்கு நகர்த்திக்கொள்வதையும் மறக்க வேண்டாம். இப்போதும் சிம்மிலேயே பெயர்களை வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடையில் நின்று பார்த்தால்தான் நம்புவீர்கள்.

போர்ட் சேவைக்காகக் காத்திருக்க முடியாது. பழைய இலக்கத்தை இழக்காமல் இன்றே மாற வழி உண்டா?

உண்டு, நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு சிம் போடும் போனில் பழைய சிம்மை முதலாவது இடத்திலும், புதிய வலையமைப்பின் சிம்மை இரண்டாவது இடத்திலும் போடுங்கள். டேட்டாவையும் வெளிச்செல்லும் அழைப்புகளையும் புதிய சிம்முக்கு ஒதுக்கிவிட்டு, பழையதை வரும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வலையமைப்புக்கு வீட்டில் சிக்னலே இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அழைப்பைத் திருப்பிவிடலாம். பழைய சிம்முக்குச் சிக்னல் உள்ள இடத்தில் நின்றுகொண்டு, **62* என்று தொடங்கி, புதிய இலக்கத்தை இட்டு, # என்று முடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். பழைய இலக்கம் எட்டாத நேரங்களில் வரும் அழைப்பு புதிய இலக்கத்தில் ஒலிக்கும். எல்லா அழைப்புகளும் திரும்ப வேண்டுமானால் 62க்குப் பதிலாக 21. நீக்குவதற்கு ##62# அல்லது ##21#. திருப்பிவிடப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் உங்கள் பழைய சிம்மிலிருந்து பணம் கழியும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். குறுஞ்செய்தி இவ்வாறு திரும்பாது. வங்கி அனுப்பும் ஓடிபி (ஒரு தடவை மாத்திரம் செல்லும் இரகசிய இலக்கம்) பழைய சிம்முக்கே போய், சிக்னல் உள்ள இடத்துக்கு நீங்கள் ஏறிப் போகும்வரை காத்திருக்கும். அதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். எனவே வங்கியில் பதிந்த இலக்கத்தை மாத்திரம் நேரில் சென்று மாற்றிக்கொள்வது நல்லது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பத்தில் கொடுத்த இலக்கத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் என்னாகும்?

இலக்கம் மாறாத போர்ட் என்றால் ஒன்றும் ஆகாது. புதிய இலக்கத்துக்கே போய்விடுகிறீர்கள் என்றால், அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் 'இலக்கத்தை மாற்று' என்றிருப்பதைப் பயன்படுத்துங்கள். குழுக்களும் உரையாடல்களும் அப்படியே இருக்கும். பழைய சிம்மை எறிந்துவிட்டு, பழைய இலக்கத்திலேயே வாட்ஸ்அப்பைத் தொடர்வது ஆபத்தானது. அந்த இலக்கம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்ட நாளில், அவர் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் உங்கள் கணக்கு உங்கள் போனிலிருந்து வெளியேறிவிடும்.

'உங்கள் நம்பரை போர்ட் பண்ணித் தருகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்று ஒருவர் அழைத்தார். சொல்லலாமா?

கூடாது. அவர் கேட்பது ஓடிபி. எந்த நிறுவனத்தின் ஊழியருக்கும் அது தேவைப்படாது. நல்ல தமிழில், அண்ணன் அக்கா என்று பேசி, லொத்தர் விழுந்ததாகச் சொன்ன அதே கூட்டம் இப்போது போர்ட் என்ற சொல்லையும் கற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் போன் திடீரென்று சிக்னல் இழந்து, பக்கத்து வீட்டாரின் அதே வலையமைப்பு சிம் வேலை செய்துகொண்டிருந்தால், வேறு எவரேனும் உங்கள் இலக்கத்துக்கு மாற்று சிம் எடுத்துவிட்டார்களா என்று உடனே நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

மகள் குவைத்தில் இருக்கிறாள். அவளுடைய இலங்கை இலக்கத்தை நான் மாற்றிக் கொடுக்கலாமா?

அவள் பெயரில் இருந்தால், அவள் நேரில் வராமல் பெரும்பாலும் முடியாது. அடுத்த முறை விடுமுறைக்கு வரும்போது முதல் வாரத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போகும் அவசரத்தில் அது எப்போதும் விடுபட்டுப்போகிறது. அதுவரை அவளுடைய சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, ரீலோட் செய்து, அலமாரியில் சார்ஜோடு வைத்திருங்கள்.

051, 052, 055 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. அவை ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று இடத்தோடு கட்டப்பட்ட நிலையான இணைப்பு இலக்கங்கள். கைத்தொலைபேசி இலக்கம் கைத்தொலைபேசி வலையமைப்புகளுக்கு இடையில்தான் மாறும். வீட்டு இலக்கத்துக்கு வரும் அழைப்பைக் கையில் பெற வேண்டுமானால், அந்த இணைப்பைத் தந்த நிறுவனத்திடம் அழைப்பைத் திருப்பிவிடும் வசதியைக் கேளுங்கள்.